முக்காலிப் பதக்கம்

என் மாமா ஒரு ராஜாவின் முன்னால் உட்கார அனுமதி பெற்றவர். ஆபிரிக்காவில் ஒரு பழைய ராச்சியத்தின் தலைநகரில் எட்டு வருடம் கணக்குப் படிப்பித்தார். புறப்படும்போது அந்த ராஜா தன் கையாலேயே அவருக்கு ஒரு பதக்கம் சூட்டினார். சிவப்பு நாடாவில் ஒரு பித்தளை வட்டம், அதன் நடுவில் முக்காலி. அதை அணிந்தவர் ராஜாவின் சபையில் முக்காலியில் அமரலாம். மற்றவர்கள், மந்திரிமார் உட்பட, தரையில்தான்.

மெல்பேர்னில் மாமாவும் மாமியும் எங்களுடன் தங்கியிருந்தார்கள். மாமாவின் சான்றிதழ்களை இங்கே ஒருவரும் ஏற்கவில்லை. டண்டினோங்கில் ஒரு ஜாம் தொழிற்சாலையில், பெல்ட்டில் வரும் போத்தல்களுக்கு மூடி சரியா என்று பார்க்கும் வேலைதான் கிடைத்தது. அங்கே அவருக்குப் பெயர் சாம். பின்னேரம் வந்ததும் பதக்கத்தை எடுத்துத் துடைப்பார்.

“இஞ்ச ராசா எங்க, முக்காலி எங்க? முதல்ல காலைச் சுடுதண்ணிக்குள்ள வையுங்கோ” என்பார் மாமி.

பக்கத்து வீட்டுக்குக் கலர் ரீவி வந்த வருடம் அது. எனக்கு எட்டு வயது, பெருமைக்குக் குறைவில்லை. வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் கதை சொல்லும் நாளில், மாமாவிடம் கெஞ்சிப் பதக்கத்தை வாங்கிப் போனேன். ராஜா, சபை, முக்காலி என்று அளந்துவிட்டேன். அசந்துபோன ரீச்சர், “அப்படியானால் உன் மாமா ஒரு சேரா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன் உறுதியாக. ஊரில் எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருகாலத்தில் அவரிடம் படித்த என் அப்பா வீட்டில் இன்னும் அப்படித்தான் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் வாத்தியார் என்றால் சேர். வாளால் தோளைத் தொட்டு மகாராணி கொடுக்கும் பட்டமும் அதே சொல்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த கிழமை தலைமையாசிரியரின் கடிதம் வந்தது. விளையாட்டுப் போட்டியில் பரிசு வழங்க ‘சேர்’ வரவேண்டுமாம். அதற்குள் ஒரு வகுப்புத் தோழி மகாராணியின் விஷயத்தை எனக்குச் சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்தால் பள்ளிக்கூடமே என்னைப் பொய்க்காரி என்னும். அழுதுகொண்டே மாமாவிடம் போனேன்.

“மாமா, அவையள் உங்களை ராணி குடுத்த சேர் எண்டு நினைச்சிட்டினம்.”

மாமா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். “இருபத்தஞ்சு வருசமா நான் சேர்தானே, பிள்ளை. இதில என்ன பொய்?”

போட்டி நடந்தது ஒரு வியாழக்கிழமை. மாமா லீவு போட்டுவிட்டு, கோட்டின் மேல் பதக்கத்துடன் வந்தார். தலைமையாசிரியர் நடுக் கதிரையைக் காட்டி, “பிளீஸ், சேர், சிட் டவுன்” என்றார். மாமா நாடாவைச் சரிசெய்து, அவசரமே இல்லாமல் அமர்ந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

பரிசுகளைக் கொடுத்து முடித்துவிட்டு மறுபடியும் அதே கதிரையில் போய் இருந்தார். சனம் கலைந்தது. மற்றக் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்” என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

பெல்ட்டுக்கு முன்னால் கதிரை இல்லை என்பதும், வேலைநாளில் அவர் இப்படி உட்கார்ந்திருப்பது இந்த நாட்டுக்கு வந்தபின் இதுவே முதல்முறை என்பதும் எனக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் வண்டி போய்விடுமே என்று நான் அவரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.