நூறு கிலோமீட்டரில் கேட்கும் குரல்

சிறிய கார் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்த நாளிலிருந்து, கண்டவர்களிடமெல்லாம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தேன்: நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் எஞ்சின் எவ்வளவு சத்தம் போடும்?

பதுளையில் இதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் அகப்படவில்லை. இங்குள்ளவர்களுக்கு வண்டிகளைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பசறை ஏற்றத்தில் எந்த வண்டி இரண்டாம் கியரில் முனகாமல் இழுக்கும், ஹல்துமுல்லை இறக்கத்தில் எதற்குப் பிரேக் சூடாகி வாடை வரும், மழைநாளில் நமுனுகுல தோட்டப் பாதையில் எது சறுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தெருவில் போகும் வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே அதன் சுகவீனத்தைச் சொல்வார்கள். ஆனால் அது ஏற்றத்துக்குப் பழகிய காது. எங்கள் பாதைகளில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் நாற்பதைத் தொடுவதே பெரிய காரியம். நூறில் ஒரு வண்டி என்ன சொல்லும் என்பதைக் கேட்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்ததில்லை.

எனக்கு அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். என் கணவர் முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைப் பதப்படுத்தும் வேலையை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். இயந்திரங்களின் இரைச்சல் அவருடைய இடது காது முழுவதையும், வலது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டது. காதுக் கருவி வீட்டில் ஓரளவு உதவும். வாகனத்தில் ஏறினால் அது பேச்சோடு சேர்த்து எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும் என்பதால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நம் நாட்டில் சாரதியின் ஆசனம் வலப்பக்கம். அவர் ஓட்டினால் என் பக்கம் இருப்பது அவருடைய செத்த காது. நான் ஓட்டி அவர் பக்கத்தில் அமர்ந்தால், மிச்சமிருக்கும் வலது காது என்னை நோக்கி இருக்கும். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஐம்பத்து மூன்று வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன்.

எங்கள் மகள் கணவனோடும் கைக்குழந்தையோடும் கொழும்பில் இருக்கிறாள். எல்ல வழியாக வெல்லவாய இறங்கி, தணமல்வில கடந்து, ஹம்பாந்தோட்டையில் அதிவேகப் பாதையில் ஏறினால் மலைப்பாதையின் தலைசுற்றல் பாதியிலேயே முடிந்துவிடும். அப்படித்தான் ஒருமுறை வாடகை வேனில் போனோம். நாங்கள் இருவரும் நிரந்தரமாகத் தன்னுடன் வந்துவிட வேண்டுமென்று அவள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிவேகப் பாதையின் நேரான நீளத்தில், அவர் மனநிலை நன்றாக இருந்த நேரம் பார்த்து, நான் அந்தப் பேச்சை எடுத்தேன். வீட்டை என்ன செய்வது, என் ஓய்வூதியம், அவருடைய மருந்து எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவர் இடையிடையே "சரி, சரி" என்றார். ஒருமுறை சிரித்தார்கூட.

இரண்டு வாரம் கழித்து, அறையைத் தயார் செய்துவிட்டதாக மகள் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னாள். நான் அதை அவரிடம் சொன்னபோது, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ரூம்?"

அன்று அவர் கோபப்படவில்லை. வெட்கப்பட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேனில் நான் பேசிய அத்தனையிலும் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. நான் வருத்தப்படக் கூடாதென்று, வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள். கேள்வி விளங்காமல் சாட்சி சொன்ன 'ஆம்' பதிலாகாது என்பதால், எத்தனையோ தோட்டத்துப் பெண்களிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். என் சொந்த வாழ்க்கையின் பெரிய கேள்விக்கு வந்த 'சரி'யை மட்டும் சோதிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. எடுத்தால் எழுந்து ரோஜாச் செடிகளிடம் போய்விடுவார். எழுதிக் காட்டலாமே என்றாள் மகள். காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாளியை எடுத்துக்கொண்டு ரோஜாக்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கனமான விஷயம் பேசும் மனிதரல்ல அவர். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் முக்கியமான எதையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் பேசியிருக்கிறோம், ரயிலிலோ பஸ்ஸிலோ, ஜன்னலைப் பார்த்தபடி. அப்படிப் பேசுவதற்கு எங்களுக்கு இனி மிச்சமிருப்பது ஒரு காரின் முன்னாசனங்கள் இரண்டும் அவருடைய அரைக் காதும்தான். அந்த அரைக் காதும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. ஆகவே எனக்கு அமைதியான கார் வேண்டியிருந்தது.

கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வேகத்தில் போகும் காருக்குள் கேட்பது ஒரு சத்தமல்ல, மூன்று என்று அறிந்துகொண்டேன்: கண்ணாடி ஓரங்களில் சீறும் காற்று, தார்மேல் உருளும் டயர், அப்புறம் எஞ்சின். முதல் இரண்டும் எல்லாச் சிறிய கார்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எஞ்சின்தான் வண்டிக்கு வண்டி வேறு. சின்ன எஞ்சின் நூறை எட்டுவதற்குப் பெரிய எஞ்சினைவிட அதிகமாகச் சுழல வேண்டும்; சுழற்சி கூடக் கூடச் சத்தமும் கூடும். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்பதற்காகப் பதுளை பஸ் தரிப்பிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். தெரிந்த பெண்ணொருத்தி வந்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

பண்டாரவளையில் பாவித்த கார்கள் விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. என் கேள்வியைக் கேட்டதும் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பதுளையில நூறுல போனா மிஸ், வண்டி சத்தம் போடாது. பள்ளத்துல உழுந்து அமைதியாக் கெடக்கும்."

அவரிடம் இரண்டு சிறிய கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். சாவியைத் திருப்பினால் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. மற்றது சாம்பல் நிறம், அதைவிடப் பழையது, ஆயிரம் சீசீ, கையால் கியர் மாற்றுவது. அது ஒதுங்கி நிற்கும்போதே தன்பாட்டில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளையை ஓட்டிப் பார்த்தேன். எல்லப் பக்கம் போய்த் திரும்பும் வரை கணவர் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். எனக்கு அப்போதே வாங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் அது நாற்பதில் கிடைத்த பதில். நூறில் கேட்க வேண்டும் என்றேன்.

வியாபாரிக்கு ஹம்பாந்தோட்டையில் ஒருவரிடம் இரண்டு வண்டிகளையும் காட்டும் வேலை இருந்தது. வெள்ளையை நாங்கள் ஓட்டி வரலாம் என்றும், சாம்பலில் தான் பின்னால் வருவதாகவும், அதிவேகப் பாதையில் ஏறி ஒரு வெளிவாசல் வரை போய், வண்டி மாற்றிக்கொண்டு திரும்பலாம் என்றும் அவரே சொன்னார். எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டால் மற்றதை அந்த மனிதருக்குக் காட்டுவார். காதுக்கு ஏற்ற கார் கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். முடிவைப் பார்க்க அவருக்கும் ஆவல்.

ஒரு புதன்கிழமை காலையில் புறப்பட்டோம். சோதனையை நான் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். காது மந்தமானவர்கள் பழகிய பேச்சை ஊகித்துவிடுவார்கள். 'சாப்பிட்டீங்களா' என்பதைக் கேட்கத் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும். ஆகவே ஊகிக்க முடியாத வாக்கியங்களாகச் சொல்வேன், அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் அதைக் கேட்டு, இப்போது சாட்சிக் கூண்டில் நானா என்றார்.

அதிவேகப் பாதையில் வெள்ளைக் கார் சத்தமின்றி வேகமெடுத்தது. தொண்ணூறு, நூறு. நான் தொடங்கினேன்.

"ஜட்ஜ் ஐயா ஆட்டுக்குட்டிக்குச் சட்டை தைக்கிறாரு."

"ஜட்ஜ் ஐயா ஆட்டுக்குட்டிக்கு..." அவர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் எஞ்சின் வந்திருச்சு."

உண்மைதான். சமதரையில் எஞ்சின் ஓய்ந்து மின்சாரம் மட்டும் இழுக்கும்போது, காருக்குள் ஒரு நூலகத்தின் அமைதி. பாதை சற்று மேடானதும் எஞ்சின் விழித்துக்கொண்டு குரலை உயர்த்தும். மேடு முடிந்ததும் மறுபடி அடங்கும். பதினான்கு வாக்கியம் சொன்னேன். முழுதாகத் திரும்பி வந்தவை ஐந்து. நான் கத்திப் பார்த்தேன். கத்தியதில் ஒன்றும் வரவில்லை. பத்தாவது வாக்கியத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது, வேனில் தலையாட்டியபோது வந்த அதே சிரிப்பு. மிக அமைதியான கார் என்று நான் தேடிப் பிடித்தது இதைத்தான். இதிலேயே கேட்காவிட்டால் வேறெதில் கேட்கும்?

வெளிவாசலில் இறங்கி வண்டிகளை மாற்றிக்கொண்டோம். எப்படி என்று வியாபாரி கேட்டார். சரிவரவில்லையென்று தலையசைத்தேன். திரும்பும் வழியில் சாம்பல் காரைச் சோதிப்பது கடமைக்காகத்தான். வியாபாரி வெள்ளையில் முன்னால் போனார், நாங்கள் பின்னால்.

சாம்பல் கார் எழுபதிலேயே ரீங்காரம் தொடங்கியது. ஐந்தாம் கியரில் நூறு வந்தபோது முழு வண்டியும் ஒரே சுரத்தில் முழங்கியது. ஏற்றத்தில் கூடவில்லை, இறக்கத்தில் குறையவில்லை. நான் வாயைத் திறந்து, என்னால் முடிந்த அளவு உரக்க அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"கத்தாத. மெஷினுக்குக் கீழ பேசு."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தொழிற்சாலையில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர்கள் ஓடும் அறைக்குப் புதிதாக வருபவர்கள் சத்தத்துக்கு மேலே கத்துவார்களாம். மத்தியானத்துக்குள் தொண்டை போய்விடும், சொன்னதும் யாருக்கும் கேட்டிருக்காது. பழகியவர்கள் இயந்திரத்தின் சுரத்தைக் காதில் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒரு தணிந்த குரலில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பேசுவார்கள். தேயிலை சலிக்கும் பெண்கள் நாள் முழுக்க அப்படித்தான் ஊர்க் கதை பேசினார்கள். அவருக்கு எல்லாருடைய வீட்டு ரகசியமும் தெரியும். ஆனால் மெஷின் ஒரே சீராக ஓட வேண்டும். நின்று நின்று ஓடினால் காது அதைப் பிடிப்பதற்குள் விட்டுவிடும். வெள்ளைக் காரின் குற்றம் அதுதான் என்றார், இவ்வளவு நேரம் அதை மனதுக்குள் ஆராய்ந்துகொண்டிருந்தவர் போல.

முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எஞ்சினின் சுரத்தைக் கேட்டேன். நெஞ்சிலிருந்து குரலை இறக்கி, மெதுவாகச் சொன்னேன், ஒரு பல்லி பரீட்சையில் சித்தியடைந்ததைப் பற்றி. அப்படியே திரும்பி வந்தது. சந்தையில் யானைக்கு முடி வெட்டியதும் திரும்பி வந்தது. ஆறு வாக்கியம், ஆறும் வந்தன. ஏழாவதாக நான் எழுதி வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

"மக வீட்டுக்கு நிரந்தரமாப் போயிருவோமா?"

அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பாதையைப் பார்த்தபடி பதிலையே சொன்னார்.

"அங்க எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. மருமகன் நல்ல மனுஷன், ஆனா ஒதடு பிரியாமப் பேசுவாரு. ஏ.சி. போட்டா அது ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிக்கும். நான் சோபாவுல ஒக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்கணும். இங்க மார்க்கட்டுல காய்க்காரன் தொண்ட கிழியக் கத்துறான். அந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் என் காதுதான்."

"அன்னைக்கு வேன்ல நான் சரின்னு சொன்னது பொய்" என்றார். "ஒனக்குப் போகணும்னா சொல்லு. நான் வாறேன். ஆனா எனக்குப் பிடிக்கல."

எனக்குப் போக வேண்டுமா? அதுவரை என்னையே நான் கேட்டதில்லை; மகளுடைய கேள்வியை அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதிலேயே இருந்துவிட்டேன். கேட்டுப் பார்த்தேன். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டும். அந்த அறையில் இருக்க வேண்டாம். அதைத் தணிந்த குரலில் அவரிடம் சொன்னேன். மாதம் ஒருமுறை போய் வருவோம் என்றேன். இரண்டு முறை என்றார் அவர். அதன் பிறகு இருவரும் வேறென்னென்னவோ பேசினோம், இறங்க வேண்டிய வாசலைக் கடந்து போய்விட்டதைக் கவனிக்காத அளவுக்கு.

வியாபாரி வாசலில் காத்திருந்து, பிறகு தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் அடுத்ததில் திரும்பி வந்தபோது வெள்ளைக் காரின் மீது சாய்ந்துகொண்டு நின்றார். சாம்பல் காரை எடுத்துக்கொள்கிறோம் என்றேன். என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். நேர்மையான மனிதர், தான் ஏமாற்றுகிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மிஸ், இது சத்தம் கூடுன வண்டி. நான் மறைக்கல. வேணும்னா கதவுக்குள்ளயும் பொனட்டுக்குக் கீழயும் சத்தம் அடங்குற மெத்தை போட்டுத் தாறேன். பாதியாக் கொறைஞ்சிரும்."

கணவருக்கு அது கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்பதுபோல் என்னைப் பார்த்தார். எஞ்சினை இன்னும் நிறுத்தவில்லை. நான் அவருடைய வலப்பக்கம் போய் நின்று, மெத்தை விஷயத்தை ஒன்றும் விடாமல் தணிந்த குரலில் மொழிபெயர்த்தேன்.

"வேணாம்னு சொல்லு" என்றார். "கைய வச்சுக் கெடுத்துறப் போறாரு."