உப்புப் போட்ட முகம்

சபூரா டீச்சருக்கு முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் மாதத்தில் ஒரு தடவை தாடைப் பக்கம் இரண்டு பரு எட்டிப் பார்க்கும். "குமர்ப் புள்ளைகளுக்கு வாற சாமான், உங்கள இன்னும் விடல்லையா?" என்று அவள் இப்போது இருக்கிற குறிஞ்சிப்பிட்டியில் கேட்காத ஆள் இல்லை. கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒருத்தி தேசிக்காய் பிழிந்து பூசு என்பாள். இன்னொருத்தி பற்பசை பூசு என்பாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து குந்துகிற, முன்பின் தெரியாத ஒரு மனுசி, மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கிறீம் ஒன்று இருக்கிறது, டப்பாவில் பேரும் இல்லை ஊரும் இல்லை, ஆனால் மூன்றே நாளில் முகம் பளிச்சென்று வந்துவிடும் என்பாள். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக்கூட இவ்வளவு பேர் மருந்து சொல்வதில்லை. முகத்தில் பரு வந்தால் மட்டும் ஊரே டொக்டர் ஆகிவிடுகிறது. என்ன அநியாயம் இது!

சபூரா எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். வீட்டுக்குப் போய்த் தன் பாட்டில் தன் வேலையைச் செய்வாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், வாசனையில்லாத சவர்க்காரத்தால் முகம் கழுவுவாள். தேய்க்க மாட்டாள், துவாயால் ஒற்றி எடுப்பாள். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி வுழு எடுக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும். படுக்கப்போகும் முன் டொக்டர் எழுதித் தந்த மருந்தில் ஒரு பட்டாணி அளவு. வெளியே இறங்கினால் வெயிலுக்கான கிறீம். தலையணை உறையை அடிக்கடி மாற்றுவாள். கை மட்டும்தான் சொன்னபடி கேட்காது. கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது அது தானாகத் தாடைக்குப் போகும். அப்போது கணவர் நுஸ்கி, "கை" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். கை இறங்கிவிடும்.

இந்த ஒழுங்கெல்லாம் புத்தளத்தில் ஒரு தோல் டொக்டர் அம்மா சொல்லிக் கொடுத்தது. கிட்டத்தட்ட இருபது வருடக் கதை. "ஒரு நாளைக்கு எத்தின தரம் சவர்க்காரம் போடுற?" என்று அந்த அம்மா கேட்டார். "ஏழெட்டுத் தரம். ஒவ்வொரு வுழுவுக்கும் போடுவன்" என்றாள் சபூரா பெருமையாக. டொக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வுழுவுக்குத் தண்ணிதானே சொல்லியிரிக்கு? சவர்க்காரம் ஆர் சொன்ன? பரு எண்டது ஊத்தை இல்ல மகள், உரஞ்சினாப் போறதுக்கு. கிள்ளவும் வாணாம். மூணு மாசம் பொறுமையா மருந்தப் போடுங்க."

மூன்று மாதம் மூன்று வருடமானது. அந்த மூன்று வருடமும் மாதம் தவறாமல் உச்சமுனைத் தீவிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கும், அங்கிருந்து பஸ்ஸில் புத்தளத்துக்கும் அவளைக் கூட்டிப்போனவர் வாப்பா முத்தலிபு. மருந்து போட்ட முகத்துக்கு வெயில் ஆகாது என்று டொக்டர் ஒரு தடவை சொன்னதுதான் தாமதம், வள்ளத்தின் நடுவில் நாலு கம்பு நட்டு, பழைய படங்குத் துணியை இழுத்துக் கட்டிவிட்டார். மற்ற வள்ளக்காரர்கள் "மகாராணி வாறா, வழி விடுங்க" என்று கத்துவார்கள். மீன் காயப்போடுகிற வாடியில் வாய் மூடாத மனிதர், டொக்டரின் வாசலில் பெண்களுக்கு நடுவே கதிரை நுனியில் ஒரு சத்தமில்லாமல் குந்தியிருப்பார்.

வாப்பா கண்ணை மூடி மவுத்தாகி ஆறு வருடம். கருவாட்டு வாடை அடித்தால் போதும், சபூராவுக்குக் கண் கலங்கிவிடும். கலங்கின கையோடு சிரிப்பும் வரும். ஏனென்றால் அந்த டொக்டர் அம்மாவுக்கு முந்தி அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் இந்த வாப்பாதான்.

அவளுக்குப் பதினாறு வயதான வருடம், மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை. உச்சமுனையிலிருந்து அந்த வருடம் எழுதப்போகிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைக்கிற முத்தலிபு, "எங்கட மகள் சோதினை எழுதப்போறா" என்று மீன் வாங்க வருகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நேரம் பார்த்து அவள் முகத்தில் காதிலிருந்து காதுவரை பரு. பள்ளிக்கூடத்து வள்ளம் வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். நாலாம் நாள் வாப்பா கேட்டார். "மூஞ்சியப் பாருங்க வாப்பா" என்று விம்மினாள்.

அவர் மகளின் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மீன் வாங்கும்போது செவுள் பார்ப்பது அப்படித்தான்.

"இதுக்கா அழுவுற? எண்ணெயும் ஈரமும்தான் காரணம். முப்பது வருசமாக் கருவாடு போடுறன். உப்புக்கும் வெயிலுக்கும் முன்னால ஈரம் நிண்டதா சரித்திரம் இல்ல."

"புள்ளைட முகமா, பாரை மீனா?" என்று உம்மா பாய்ந்து விழுந்தாள். யார் கேட்டார்கள்? காயவைக்கிற விசயத்தில் வாப்பா ஒரு நாளும் பிழை விட்டதில்லை என்று சபூரா முழுசாக நம்பினாள்.

கல்லுப்பை அம்மியில் அரைத்து, தண்ணீர் தெளித்துக் குழைத்து, முகம் முழுக்க அப்பிக்கொண்டு, மீன் காய்கிற பாய்க்குப் பக்கத்தில் பத்து மணியிலிருந்து மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் வானத்தைப் பார்த்தபடி குந்தினாள். மழை விட்டு நல்ல வெயில். முதல் நாள் எரிந்தது. "எரிஞ்சா வேல செய்யிதெண்டு அர்த்தம்" என்றார் வாப்பா. இரண்டாம் நாள் தோல் இழுத்துப் பிடித்தது. "பாத்தியா, காயுது!" என்று அவருக்கு ஒரே சந்தோசம். மூன்றாம் நாள் கன்னம் வெடித்து நீர் வடிந்தது. மூக்குத் தோல் கழன்றது. பரு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

உம்மா போட்ட சத்தம் பக்கத்து வாடிகளுக்கெல்லாம் கேட்டது. சபூரா பர்தாவின் நுனியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நான் சோதினைக்குப் போக மாட்டன். இந்த மூஞ்சியோட கல்பிட்டித் துறையில இறங்கினா எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க."

பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது. இந்த வருடம் எழுதாவிட்டால் பிறகு எழுதுவது என்று ஒன்று அந்தத் தீவில் கிடையாது. அடுத்த வருடம் ஒரு மாப்பிள்ளை வருவான், படிப்புக் கதை அதோடு முடிந்துவிடும். அது வாப்பாவுக்கும் தெரியும். அன்று அவர் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை.

மறுநாள் மீன் புரட்டிப் போடப் போன உம்மா, "யா அல்லாஹ்!" என்று அலறினாள். இரண்டு வரிசை மீனுக்கு நடுவில் வாப்பா மல்லாந்து கிடந்தார். முகம் முழுக்க உப்பு. போதாததற்குத் தேசிக்காயும் பிழிந்திருந்தார். காகம் ஒன்று தலைமாட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"உண்ட வேலயப் பாரு" என்றார் உதட்டை அசைக்காமல். "வாய்க்குள்ள உப்புப் போகுது."

கடற்காற்றில் தடித்த தோல் லேசில் மசியவில்லை. அவரும் விடவில்லை. உப்பைப் போட்டு உரஞ்சி உரஞ்சி, மூன்றாம் நாள் மாலை உள்ளே வந்தபோது முகம் அவித்த நண்டு மாதிரி இருந்தது. சபூராவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உங்களுக்கு என்னத்துக்கு வாப்பா இந்த வேல?"

"எவ்வளவு எரியுதெண்டு பாத்தன். நல்லாத்தான் எரியுது." தோளில் கிடந்த துண்டால் கன்னத்து உப்பைத் தட்டினார். "மன்னிச்சுக்க மகள். காலையில வெளிக்கிடு. நானும் வாறன்."

வாப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் கண்டதில்லை. விடிந்ததும் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள்.

கல்பிட்டித் துறையில் வள்ளம் தட்டியதும் முதலில் கண்டவன் நிக்கொலஸ், வாப்பாவை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பழைய கூட்டாளி. வலையைப் போட்டுவிட்டு எழும்பியே விட்டான்.

"அடேயப்பா! முத்தலிபு நானா, முகத்தையே கருவாடு போட்டுட்டீங்களா?"

துறையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அவனைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பார், அவ்வளவு கோபக்காரர். அன்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"ஓம் நிக்கொலஸ். வாங்குறியா? உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

சபூராவுக்கு முன்னால், நடுத் தெருவில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உப்புக் கதையை உரத்த குரலில் சொன்னார். தானே தன் முகத்துக்குப் போட்டதாகவே சொன்னார், மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். எல்லாக் கண்ணும் அவர் முகத்தில். மூன்று அடி பின்னால் வந்த மகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதித் தெரு தாண்டியபோதுதான் அவளுக்கு விளங்கியது. "வாப்பா, போதும்" என்று சொல்ல நினைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பரீட்சை மண்டபத்தில் முகத்தை மூடியபடி தன் இடத்தில் போய் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் கல்பிட்டிப் பிள்ளை ஒருத்தி. வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் சபூராவின் காதருகே குனிந்தாள்.

"கேற்றடியில ஒரு ஆள் நிக்கிறாரே, அவர்ட மூஞ்சியப் பாத்தியா? அல்லாவே, எனக்குப் பயமாப் போச்சு. ஆரோ பைத்தியம் போல."

சபூரா பர்தாவின் முடிச்சை அவிழ்த்தாள். வெடித்துப் புண்ணாய்க் கிடந்த முகம் முழுவதும் வெளியே தெரிந்தது.

"அது எங்கட வாப்பா" என்றாள், அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அந்தப் பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. சபூரா தலையைக் குனியவில்லை. வினாத்தாள் வந்தது. பேனையை எடுத்துத் தன் பரீட்சைச் சுட்டெண்ணை எழுதினாள்.