காலனிப் பிள்ளை

எங்கள் தெருமுனைப் பலகையில் ‘காலனி’யை அழித்துவிட்டு ‘நகர்’ என்று எழுதிக்கொண்டிருந்தார் பெயின்டர். “இனிமே அந்த வார்த்தை எங்கயும் இருக்கக் கூடாதுன்னு கவர்மென்ட் உத்தரவாம்க்கா” என்றார். நல்லதுதான். ஆனால் ஈரப் பெயின்ட் வாடையோடு வீட்டுக்குள் வந்த எனக்கு மூக்கில் ஏறியதென்னவோ கக்கூஸ் ஆசிட்டின் நெடி. மூக்குக்குக் கூறு உண்டா, சொல்லுங்கள்!

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்து, துறைமுகக் காலனியில் குடியேறியபோது நான் ஆறாம் வகுப்பு. நடுவருஷம் என்பதால் நகராட்சிப் பள்ளிக்கூடம்தான் இடம் கொடுத்தது. குழாய் வைத்த வீடு, வாசலில் செவ்வரளி. காலனி என்றால் எனக்கு அவ்வளவு பவுசு. அதனால் முதல் வெள்ளிக்கிழமை டீச்சர், “காலனிப் பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க” என்றதும் முதல் ஆளாக எழுந்து நின்றேன். ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்ற நினைப்பு வேறு.

“ஏட்டி, நீ எதுக்கு எந்திரிக்க? நீ குவாட்டர்ஸ் பிள்ளைல்லா. உக்காரு.”

வகுப்பே சிரித்தது. எழுந்து நின்ற மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஊர் ஒதுக்கி வைத்த சனங்களின் குடியிருப்புக்கும் காலனி என்றுதான் பேர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் பக்கத்து இடத்துக்காரி மாரியும் அவர்களோடு வாளி, ஆசிட் பாட்டில் சகிதம் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கழுவப் போனாள். நான் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மத்தியானம் மாரி சோற்றில் கை வைக்க முடியாமல் விரலை ஊதிக்கொண்டிருந்தாள். நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

“டீச்சர்ட்ட சொல்லேன்.”

“தண்ணிய ஊத்துன்னு சொல்லுவாவ” என்றவள், சட்டென்று கேட்டாள். “ஏளா, ஒங்க காலனில கக்கூஸ் யாரு கழுவுவா?”

“ஒரு பொம்பள வரும்.”

“அது எங்கம்மால்லா.”

‘வருவாங்க’ என்று சொல்ல எனக்குத் தெரியாதா என்ன? வீட்டில் எல்லாரும் சொல்கிறபடியே நானும் சொன்னேன். ஆடு வரும், மாடு வரும், மாரியின் அம்மா வரும்.

திங்கட்கிழமை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “உக்காருங்க” என்றாள்.

“என்னளா, புதுசா மரியாதை?” என்று தோளில் இடித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொடுக்காப்புளி கொடுத்துப் பார்த்தேன். “நீங்க தின்னுங்க.”

அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்தாகிவிட்டது. மாரி எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. வருஷம் முடியும்வரை ஒரே பெஞ்சில்தான் இருந்தோம். என்னை ‘ஏளா’ என்று மட்டும் அவள் பிறகு கூப்பிடவே இல்லை.