கிட்வாய் நகரில் இரண்டாவது படி

2003, ஜூன் கடைசி வாரம். காலை ஏழரைக்குப் புது தில்லி ஸ்டேஷனில் இறங்கினேன். கிட்வாய் நகருக்கு எட்டு கிலோமீட்டர். மீட்டர் கெட்டுவிட்டது என்றார் ஆட்டோக்காரர். பதினாறு வருடங்களுக்கு முன் நாங்கள் தில்லியை விட்டுக் கிளம்பிய அன்றும் அது கெட்டுத்தான் இருந்தது. அறுபது ரூபாய்க்குப் படிந்தது.

எட்டேகாலுக்குத் தெருமுனை. "ஆகே ரோடு பந்த் ஹை, மேடம்" என்று அங்கேயே இறக்கிவிட்டார். நான் சைக்கிள் பழகிய தெருவை ஒரு பெரிய இயந்திரம் சுரண்டிக்கொண்டிருந்தது. நாங்கள் காலி செய்த தரைத்தள வீட்டில்தான் இப்போது என் பள்ளித்தோழி கல்யாணி இருக்கிறாள். அரசாங்கக் குடியிருப்பு அது; அவள் கணவருக்கு அரசாங்க வேலை. அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"வாட்டி. இருந்த மூணு படில ரெண்டு உள்ள போயிட்டு. இதுவும் போச்சுன்னா மழைத்தண்ணி நேரா அடுப்படிக்குத்தான். போன வருசமே கட்டில் கால் நனைஞ்சிட்டு."

ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துவிட்டது. வீடு வளரவில்லை. இயந்திரம் சுரண்டுவதைப் பார்த்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மேற்பார்வையாளரிடம் இந்தியில் சண்டைக்கே போய்விட்டாள்.

"பெஹன்ஜி, டென்ஷன் மத் லோ" என்றார் அவர். ஒரு சாண் ஆழம் சுரண்டுவார்களாம். அந்தப் பழைய தாரை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கி, கொஞ்சம் புதுத் தார் கலந்து, நாலு விரல் கனத்துக்கு மட்டும் திருப்பிப் போடுவார்களாம். மீதி வேறு தெருவுக்கு. தூக்கி எறிய எதுவும் இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

பதினொரு மணி. சுவரோரம் இயந்திரம் எட்டாததால் இரண்டு பேர் கடப்பாரையால் தாரைப் பெயர்த்தார்கள். இரண்டாவது படி வெளியே வந்தது. அதன் விளிம்பில், அங்கங்கே உரிந்துபோய், ஒரு சிவப்புப் பட்டை. தில்லியில் காவிக்கல் அகப்படாமல், பொங்கலுக்குப் பொங்கல் அம்மா பெயிண்டால் இழுத்த பட்டை. அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"பையா, ஆராம் சே" என்று, மெதுவாகப் பெயர்க்கும்படி கடப்பாரைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கல்யாணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது மறையாம நான் பாத்துக்கிடுதேன், அழாத."

மறுநாள் பத்து மணிக்கு, பழைய தாரை அள்ளிப்போன லாரிகள் ஆவி பறக்கத் திரும்பி வந்தன. சூடான தார் வாசனை வந்தாலே அந்தக் காலத்தில் எங்களுக்குக் கோடை விடுமுறை. ரோலர் எங்கள் வாசலைக் கடக்கும்வரை கல்யாணி கையில் அடிக்கோலுடன் கூடவே நடந்தாள். தார் இரண்டாவது படிக்குக் கீழேயே நின்றது. மதியம் பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

சென்னையில் என் தெருவிலும் அந்த மாதம் சாலை போட்டார்கள், பழையதன் மேலேயே. எங்கள் வாசலில் இப்போது ஒரு படிதான் மிச்சம்.

ஆகஸ்டில் கல்யாணி போன் செய்தாள். இரண்டு நாளாக அங்கே விடாமல் மழை.

"தண்ணி வந்துச்சுட்டி. உங்கம்மா போட்ட கோட்டைத் தாண்டல."