லிப்ட் திருத்தும் வரை ஜனாதிபதி

தங்கராசா அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் லண்டன் மோர்டனில் பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். வெளியே வந்து திருப்பி எடுத்தேன். "தம்பி, எங்கட சேர்மன் மோசம் போயிட்டார். விடியக்காலமை நித்திரையிலயாம்," என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. பஸ்ஸில் ஏறி போனில் செய்தி பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. ஒரு செய்தி அவரை நாட்டைக் கட்டியெழுப்பியவர் என்றது. அடுத்தது கொடுங்கோலன் என்றது. இரண்டிலும் ஒரே படம்: இராணுவச் சீருடை, கறுப்புக் கண்ணாடி. அதற்குள் எங்கள் ஐந்தாம் மாடிச் சேர்மனைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சிறிய நாட்டுக்கு நீண்ட காலம் ஜனாதிபதியாக இருந்தவர் அவர். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அவர்கள் குடிவந்த நாளில் லிப்ட் வேலை செய்யவில்லை. மனிதர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். "இவர் முன்பு பிரசிடென்டாக இருந்தவர்," என்று மனைவி மூச்சிரைக்கச் சொன்னார். "எந்தச் சங்கத்துக்கு?" என்று கேட்டார் தங்கராசா அண்ணை. அவரைக் குறை சொல்ல முடியாது. லண்டனில் நாங்கள் கண்ட தலைவர்கள் எல்லாரும் கோயிலிலும் பழைய மாணவர் சங்கத்திலும்தான் இருந்தார்கள்.

அந்த வருடமே குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவரைச் சேர்மன் ஆக்கினோம். லிப்டுக்காக நாங்கள் மாதக்கணக்கில் கத்திக் களைத்திருந்தோம். அவர் கத்தவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கட்டட நிர்வாகத்துக்கு போன் எடுத்தார். மெதுவாகப் பேசினார். யார் எடுத்தாலும் ஒரே கேள்விதான்: "உங்கள் மேலதிகாரியின் பெயர் என்ன?" மறுநாள் அந்த மேலதிகாரியிடம் அதே கேள்வி. "கோபப்படுகிறவனை அவர்கள் மறந்துவிடுவார்கள். பெயர் கேட்கிறவனை மறக்க மாட்டார்கள்," என்று எனக்குச் சொல்லித் தந்தார். சில வாரங்களில் லிப்ட் ஓடியது. முழங்கால் வருத்தத்தோடு மூன்றாம் மாடியில் அடைந்து கிடந்த தங்கராசா அண்ணையின் மனைவி அன்று கீழே வந்து, வாசலில் நின்று வெயில் காய்ந்தார்.

சேர்மனின் பதவிக்காலம் இரண்டு வருடம் என்பது சங்கத்தின் விதி. அது முடியும் நேரத்தில் லிப்ட் மறுபடியும் நின்றது. "லிப்ட் நிரந்தரமாகத் திருத்தப்படும் வரை தற்போதைய சேர்மனே தொடரலாம்," என்று அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எல்லாரும் கை தூக்கினோம். கை தட்டவும் செய்தோம். அதன் பிறகு ஆண்டுக்கூட்டம் நெருங்கும்போதெல்லாம் லிப்ட் நின்றுவிடும், கூட்டம் முடிய ஓடும். அது தற்செயலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன்.

அப்படி லிப்ட் நின்ற ஒரு மாலையில் நானும் அவரும் சாமான் பைகளோடு மூன்றாம் மாடிப் படியில் இளைப்பாற உட்கார்ந்தோம். ரயில்வே எழுதுவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தது, இராணுவத்தில் மேஜரானது, ஒரு காலையில் வானொலி நிலையத்தைப் பிடித்தது எல்லாவற்றையும் ஊர்க்கதை போலச் சொன்னார். "நாட்டைச் சீராக்கிவிட்டு இரண்டு வருடத்தில் முகாமுக்குத் திரும்புவேன் என்று வானொலியில் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்," என்றார். பிறகு தெருக்கள் போட்டார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் கட்டினார், எதிர்த்து நிற்க ஆளில்லாத தேர்தல்களில் வென்றார். கடைசியில் ஆள் நின்ற ஒரு தேர்தலில் தோற்று, மாளிகையின் சமையலறைக் கதவால் வெளியேறினார். நான் எந்த ஜனாதிபதிமாரின் ஷெல்லடிக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். "நீங்களும் அப்படித்தானா?" என்று கேட்டேவிட்டேன். அவர் பையின் பிடியைச் சரிசெய்தார். "கையெழுத்துப் போடும்போது அறையில் எப்போதும் இன்னொருவர் இருப்பார். பிறகு யோசித்தால் அவர்தான் செய்தது போல இருக்கும்," என்றார். பிறகு என்னுடைய அரிசிப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

என் ஐயாவின் செத்தவீட்டுக்கு அவர் நீண்ட வெள்ளை அங்கியில் வந்தார். பாஷை விளங்காத தேவாரத்துக்குத் தலை குனிந்து, கடைசி வரை இருந்தார். எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் முகம் காட்டிவிட்டு பார்க்கிங் நேரம் முடிகிறது என்று ஓடியவர்கள். எனக்கு அவர்மேல் அன்பு இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அந்த அன்பில்தான் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்தோம். "எங்கட மனுசனுக்கு நாங்கள் அடிக்காட்டி ஆர் அடிக்கிறது?" என்றார் தங்கராசா அண்ணை. வாசகம் எழுதும் வேலை எனக்கு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவர் சிரிக்கும் படம், மலர்வு, உதிர்வு என்று இரண்டு தேதிகள். கீழே, இப்படியான நோட்டீசுகளில் வழக்கமாக வருவதைக் கை தன்பாட்டில் எழுதியது: "அன்பும் பண்பும் நிறைந்தவர், எல்லோரையும் தன் பிள்ளைகளாய் நேசித்த பெருந்தலைவர்." தமிழ்க்கடைக் கண்ணாடியில் கோயில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

மறுநாள் கடைக்குப் போனபோது மரியாமா அதன் முன்னால் நின்றார். எனக்குப் பிரஷர் குளிசை தரும் மருந்தகத்தில் வேலை செய்பவர். அவரும் சேர்மனின் நாடுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கையில் மரவள்ளிக்கிழங்குப் பை. "என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரிவரியாகச் சொன்னேன். "தன் பிள்ளைகளாய்" என்ற இடத்தில் என் குரல் இறங்கிப்போனது.

"என் அப்பா பத்திரிகையில் கேலிப்படம் வரைந்தவர்," என்றார் மரியாமா. "இவருடைய மூக்கைக் கொஞ்சம் நீளமாக வரைந்தார். விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப் போனார்கள்." அவர் அழவில்லை. நோட்டீசில் இருந்த தேதிகளைத் தொட்டு, "இவை என்ன?" என்று கேட்டார். பிறந்ததும் இறந்ததும் என்றேன். "என் அப்பாவுக்கு இரண்டாவதைப் போட முடியாது. அம்மாவும் காத்திருந்தே போய்விட்டார்," என்றார்.

என் சின்னம்மாவின் மகனையும் ஊரில் அப்படித்தான் கூட்டிப் போனார்கள். அவனுக்கும் நாங்கள் நோட்டீஸ் அடிக்கவில்லை. அடித்தால் அவன் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சின்னம்மா விடவில்லை. கடை வாசலில் நின்று அதை நினைத்தேன். கண்ணாடியில் இருந்த நோட்டீசை மெல்ல உரித்து எடுத்தேன். மரியாமா எடுக்கச் சொல்லவில்லை.

தங்கராசா அண்ணைக்குக் கோபம். "செத்த மனுசனிட்டப் போய் நியாயம் கேக்கிறியே? எங்களுக்கு என்ன குறை செய்தவர்?"

"ஒரு குறையும் செய்யேல்லை அண்ணை."

"பிறகென்ன?"

"தெரியேல்லை அண்ணை. ரெண்டும் உண்மையாக் கிடக்கு. எனக்கு ஒண்டையும் விட ஏலாமல் கிடக்கு."

நான் எழுதத் தொடங்கியிருந்த இந்த அஞ்சலியைக் காட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கூட்டத்தில இதை வாசிச்சியெண்டால் நான் வரமாட்டன்," என்றார். சேர்மனின் மனைவி முன்வரிசையில் இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே இதைத்தான் வாசிக்கப் போகிறேன். நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்க என்னால் ஏலாது. கெட்டவர் என்று சொல்லவும் வாய் வருகுதில்லை.

சேர்மனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். போன வாரம் மரியாமாவிடம் அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டு வாங்கினேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர்களுடைய தூதரகத்துக்கு போன் எடுக்கிறேன். கத்துவதில்லை. இந்த மனிதர் எங்கே, எந்தத் தேதியில் இறந்தார் என்று கேட்கிறேன். இன்று எடுத்த பெண் அப்படியான விபரம் தங்களிடம் இல்லை என்றாள். நன்றி சொன்னேன். பிறகு மெதுவாக, சேர்மனின் குரலிலேயே கேட்டேன்:

"உங்கள் மேலதிகாரியின் பெயர் என்ன?"