வெந்நீர் வைக்கச் சொன்ன விசில்

இது நடந்தது. நம்பாதவர்களைப் பிடித்து உட்காரவைத்து நம்பவைக்கும் தெம்பு இங்கே யாருக்கும் இல்லை. பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: இது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, பாதி ஊர் கூடி நின்று கைதட்டி ஓய்ந்த கையோடு நடந்தது.

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது வீடு டிரைவரம்மாவுடையது. டிரைவர் போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பட்டம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் ஓட்டியது கரி இன்ஜின். அந்தக் காலத்தில் விசில் ஊதுவதில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. இவருடையது இரண்டு குட்டை, ஒரு நீளம். அந்த நீளத்தின் கடைசியில் தொண்டை கட்டியதுபோல ஓர் இறக்கம். கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பும்போது ஊதுவார். 'வந்துட்டேன், வெந்நீர் வை' என்று அர்த்தம். இன்ஜினை ஷெட்டில் விட்டுவிட்டுத் தண்டவாளத்தோரமாக நடந்து வருவதற்குள் வாளியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

ஊருக்கே கேட்கும்படி ஊதி, ஒருத்திக்கு மட்டும் விளங்கும்படி சேதி சொன்ன மனுஷன். இதை நினைத்து நினைத்தே டிரைவரம்மா மீதிக் காலத்தைத் தள்ளினாள். ரயில் போகும்போதெல்லாம் பாத்திரம் உருளும் இந்த வீட்டை விட்டுப் போகலாம் என்று மகன் தலைகீழாக நின்றும் அவள் அசையவில்லை. மற்ற டிரைவர்களின் பெண்டாட்டிகள் புருஷன் முதுகுக் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள். இவள் கணக்கே வேறு. தன் வீட்டுக்காரர் ஷெட்டிலேயே ஒரு கழுவு கழுவிவிட்டுத்தான் வருவார், அவர் குளித்த தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடும் என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்திருந்தாள்.

அவர் ஓட்டிய இன்ஜின் வெகுகாலம் பூங்காவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து, ஊர் ஊராக ஓட்டிக் காட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. டிரைவரம்மா மகனைக் கூப்பிட்டு வாக்குக் கொடுத்தாள். அந்த விசிலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்; யார் ஊதினாலும் சரி; மறுநாளே அவன் சொல்லும் வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவாள்.

இன்ஜின் வரும் நாளன்று காலையிலேயே அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினாள். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தை, இன்ஜினையே குளிப்பாட்டப் போறீங்களா?"

"உன் வேலையைப் பாரு."

கேட்டில் கூட்டம் நெரிந்தது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தடியை ஊன்றியபடி டெய்லரம்மா நின்றாள். தலையணை உறையிலிருந்து பேரனின் பள்ளிச் சட்டை வரை டிரைவரம்மா வீட்டுத் துணியெல்லாம் அவள் தைத்ததுதான். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவள். நாலு வார்த்தை பேசினால் நூல் செலவாகிவிடும் என்பதுபோல இருப்பாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

இன்ஜின் வந்தது. கறுப்பும் சிவப்பும் பளபளக்க, மாப்பிள்ளை மாதிரி வந்தது. பின்னால் ஒரு டீசல் இன்ஜின் ஒட்டிக்கொண்டு வந்தது; துணைக்கு என்றார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

டிரைவரம்மாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. புகை வந்தது, ஆனால் கரி வாசனை இல்லை. சக்கரம் சுற்றியது, ஆனால் இன்ஜின் மூச்சு வாங்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது டீசல்தான் 'பாம்' என்று ஒலி எழுப்பியது. அவ்வளவுதான். கூட்டம் படம் எடுப்பதற்காக ஸ்டேஷனைப் பார்த்து ஓடியது. மருமகளும் பேரனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது வளைவிலிருந்து வந்தது.

இரண்டு குட்டை.

ஒரு நீளம்...

கடைசியில் அந்த இறக்கம்.

டிரைவரம்மா மருமகளின் கையைப் பிடித்தாள். "கேட்டுச்சா?"

"எது அத்தை?"

"விசில்."

"அது எப்பவோ போயிடுச்சே. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தியைத் தவிர. அந்தப் பக்கம் டெய்லரம்மாவின் தடி கீழே கிடந்தது. மூட்டுவலிக்காரி, அதை எடுக்கக்கூட நிற்காமல் தன் வீட்டை நோக்கி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள்.

அதற்கெல்லாம் நேரம் ஏது? டிரைவரம்மா வீட்டுக்கு ஓடினாள். கொதிக்கிற தண்ணீரை வாளியில் ஊற்றிக் குளியலறையில் வைத்தாள். துண்டைக் கதவில் போட்டாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் ஆள் அரவமே இல்லை. ஊர் முழுக்க ஸ்டேஷனில்.

தண்டவாளத்தோரத்து ஜல்லி நெறிபட்டது.

சரக்... சரக்... சரக்...

பூட்ஸ் கால். இடது காலை லேசாக இழுத்து வைக்கும் நடை. வேறு யாருக்கும் இல்லாத நடை.

நெருங்கியது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அந்த நிலையிலும்.

வாசலுக்கு நேரே வந்தது.

நின்றது.

ஒரு மூச்சு. ஒரு செருமல்.

பிறகு... தாண்டிப் போனது.

சரக்... சரக்...

கேட் கம்பி கிறீச்சிட்டது. தண்டவாளத்தின் அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. அவ்வளவு தூரத்துச் சத்தம் இங்கே கேட்க வழியே இல்லை. கேட்டது. காதோரம் கேட்டது.

சொம்பு வாளியில் இடித்தது.

சளார்.

சளார்.

டிரைவரம்மா எழுந்து குளியலறைக் கதவைத் தள்ளினாள். வாளி வைத்தபடியே இருந்தது. விரலை விட்டாள். சற்றுமுன் கொதித்த தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

அவள் தண்டவாளத்தைக் கடந்தாள். டெய்லரம்மாவின் கதவு திறந்து கிடந்தது. தையல் மெஷின் பக்கத்தில் டெய்லரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். குளியலறை வாசலிலிருந்து கறுப்புத் தண்ணீர் மெல்ல வழிந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே சுவரெல்லாம் கரித் தெறிப்பு. சோப்பில் ஐந்து விரல் தடம். துண்டில் ஒரு முகம் ஒற்றி எடுத்த அச்சு... மூக்கு, நெற்றி, மூடிய கண்கள்.

அது டிரைவரம்மாவுக்குத் தெரிந்த மூக்கு. மகனுக்கும் அதே மூக்குதான்.

இத்தனை வருஷமும் 'நீங்க' என்றே கூப்பிட்டவளை அப்போதுதான் ஒருமையில் கேட்டாள்.

"நீயும் வெந்நீர் வச்சியா?"

"வச்சேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியிலேருந்து."

டெய்லரம்மா அவளைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்களுக்குத்தான் வெளுத்த மனுஷன் வந்தாரு. கரியெல்லாம் எனக்கு."

அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் டிரைவரம்மா அறைந்திருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை சரக்கு ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது. மகன் மூட்டை கட்டும் விஷயத்தை எடுத்தபோது டிரைவரம்மா எழுந்து வெளியே வந்துவிட்டிருந்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம், தடியோடு, டெய்லரம்மா. நடுவில் கேட்காரர் பச்சைக்கொடியைப் பிடித்தபடி, யாரும் கேட்காமலே அந்த இன்ஜினின் வண்டவாளத்தை எடுத்துவிட்டார்.

அது ஓடவேயில்லையாம். கொதிகலன் முழுக்க ஓட்டை. அடைக்க முடியாதென்று அப்படியே பெயின்ட் அடித்துவிட்டார்களாம். டீசல்தான் தள்ளிக்கொண்டு வந்தது. புகை, தகர டின்னில் எண்ணெய்த் துணியை எரித்தது.

டிரைவரம்மா குறுக்கிட்டாள். "விசில்?"

"எந்த விசில்? அதைப் பூங்காவுல கிடந்தப்பவே எவனோ கழட்டி வித்துத் தின்னுட்டான். அந்த இடத்துல மரக்கட்டையைச் செதுக்கிச் சொருகியிருக்காங்க."

இரண்டு பெண்களும் நேற்றைக்குப் பிறகு முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

சரக்கு ரயில் தடதடவென்று போய் முடிந்தது. கேட்காரர் கம்பியைத் தூக்கப் போனவர், ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றார்.

"இதைவிட ஒரு கூத்து. அடுத்த கேட்டுக்கிட்ட ஒரு பழைய நர்சம்மா இருக்காங்க, தனிக்கட்டை. நேத்து விசில் கேட்டுச்சு விசில் கேட்டுச்சுன்னு வீட்டுக்குள்ள ஓடினாங்களாம். போய்ப் பார்த்தா குளிக்கிற ரூம் பூரா கரித்தண்ணி. யாருக்கும்மா வெந்நீர் வச்சீங்கன்னு கேட்டா, வாயே திறக்க மாட்டேங்குறாங்க."

கம்பி உயர்ந்தது. இரண்டு பேரும் கடக்கவில்லை.

டெய்லரம்மாதான் கேட்டாள்.

"இந்த லைன்ல மொத்தம் எத்தனை கேட்டு?"

கேட்காரர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கையைத் தொடங்கும்போது நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் யாரும் இல்லை; வீட்டுக் கதவுகள் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.