அம்மன்கிட்ட பூக்கட்டிக் கேட்ட மியூச்சுவல் ஃபண்டு

…அதைத்தானுங்க சொல்ல வந்தேன், போன்ல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே செவப்பு! கையில சாணி வாசம்கூடப் போகலை, மாட்டுக் கட்டுத்தறியில நின்னமேனிக்கு அதையே பாத்துட்டிருக்கேன்...

பால் ஊத்தற காசுல மாசம் ஐநூறு ரூவா மியூச்சுவல் ஃபண்டுல போட்டுட்டு வந்தேனுங்க. சின்னவளை நர்சிங் சேக்கோணும்னு. மூத்தவ கவிதாதான் ஆரம்பிச்சு உட்டா.

"நம்ம காசு எங்க போகுது அம்மணி?"ன்னு கேட்டேன்.

"சிமெண்டு கம்பெனி, பெயிண்டு கம்பெனி, பேங்கு... எல்லாத்துலயும் உனக்கு ஒரு துளி பங்கு இருக்கும்மா"ன்னா.

மேலெல்லாம் சிலுத்துப்போச்சுங்க! எட்டாவதோட நின்னவ நான்... அதுக்கப்புறம் நாமக்கல் பைபாஸ்ல சிமெண்டு லாரி போனா, அதுல ஒரு கைப்பிடி நம்முளுதுன்னு கும்புடுவேன்.

ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அந்தச் செவப்பு. போட்டதை விடக் கம்மியாக் காட்டுது.

எங்க ஊட்டுக்காரரு, "ஏ புள்ள, வெள்ளாடு வாங்கியிருந்தா இந்நேரம் குட்டி போட்டிருக்கும். இன்னைக்கே எடுத்துப்போடு"ங்கறாரு. கவிதா போன்ல, "எறங்கும், ஏறும். கண்டுக்காம உடும்மா"ங்கறா. நான் யாரு பேச்சைக் கேக்கறது?

நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டேனுங்க. கல்யாணத்துக்கு, கெணறு வெட்டறதுக்கு எல்லாம் பூக்கட்டிக் கேக்கறோம்... இதுக்குக் கேட்டா என்ன? வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவப்பு அரளி ஒரு பொட்டணம் கட்டி அம்மன் காலடியில வெச்சேன். எந்தப் பூ கைக்கு வருதோ அதுதானுங்க அம்மன் வாக்கு.

பூசாரி, "என்னங்கக்கா, புள்ளைக்கு வரனுங்களா?"ன்னாரு.

"இல்லீங்க, மியூச்சுவல் ஃபண்டுங்க."

என்னையப் பாத்தாரு... அம்மனைப் பாத்தாரு... ஒரு பொட்டணத்தை எடுத்துக் குடுத்தாரு.

பிரிச்சா வெள்ளை! உழுந்து எந்திரிச்சுக் கும்புட்டேன். காசை எடுக்கலை.

அப்புறம் மெல்ல ஏறுச்சுங்க. சின்னவ இப்ப நர்சிங் ரெண்டாவது வருசம். மொத வருசப் பீசுல பாதி அந்தக் காசுதான்.

அப்பெல்லாம் நாளைக்குப் பத்துவாட்டி போனைத் தொறந்து பாப்பேன். இப்ப மாசம் ஒருக்காகூடப் பாக்கறதில்லை. எந்த ஊர்லயோ, மூஞ்சி தெரியாத யாராரோ வேலை செய்யறாங்க... என்ற மாடு கறந்த பாலுக்காசு அவுங்க வேலையோட சேந்து, எம்புள்ளை ஊசி போடக் கத்துக்குது. நெனைச்சா இன்னும் வாயைப் பொளந்துக்கறேனுங்க!

அட சாமி... இப்பத்தான் நெனப்பு வருது. வெள்ளை வந்தா காசை அப்படியே உடோணுமா, எடுக்கோணுமான்னு அன்னைக்கு அம்மன்கிட்ட நான் சொல்லவே இல்லீங்களே!